சின்னம்மைக்கு முடி இறக்கிய வரலாறு

துறையூருக்கு அந்தப் பக்கம் உள்ள கருப்பு கோயிலில் மொட்டையடித்துக் கூட்டிவந்த சின்னம்மைக்கு, பஸ் மேட்டுப்பாளையம் வரும்போது முடி காதை மூடியிருந்தது, ஊட்டி வரும்போது தோளுக்கு இறங்கியிருந்தது, கூடலூரில் இறங்கும்போது காலுக்குக் கீழே தொங்கியது. அவளுக்கு அப்போது ஒரு வயசு. ஊட்டியில் மாறிய பஸ்ஸின் கண்டக்டர் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், முடிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். அப்பன் அய்யாவு போட்டான். சந்தனம் பூசிய தலையிலிருந்து முளைத்ததால் முடி முழுக்கச் சந்தன வாசமாக இருந்தது, அதனால் பஸ்ஸில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

சேரங்கோடு பக்கம் அய்யாவு குடியிருந்த அரசாங்கத் தோட்டத்தில் அப்போது இருந்தவர்கள் எல்லாரும் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் ஊசி போட்டுக்கொண்டு, காட்டை வெட்டிப் புதுசாகத் தேயிலை நட்ட மலையில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். வந்த சனம் அடுப்பு மூட்டியதும் செய்த முதல் காரியம் குலசாமியைத் தேடிப் போனதுதான். பாட்டன் பூட்டன் காலத்தில் விட்டுப்போன சாமி. ஊர் ஊராகக் கேட்டுப் போனால், காணியில் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று பங்காளிகள் கதவைச் சாத்தினார்கள். வேலியோரம் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. ஆனாலும் போனார்கள், ஏனென்றால் பிள்ளையின் முதல் முடி குலசாமிக்குச் சேர வேண்டியது, வேறு எங்கேயும் இறக்கக் கூடாது. சாமி அப்பன் வழியில் வரும், ஆத்தா வழியில் வராது. அய்யாவின் அப்பன் வடிவேல், வடிவேலின் குலசாமி துறையூர்க் கருப்பு, ஆகவே அய்யாவு துறையூர் போனான்.

அய்யாவுக்குக் கண் பச்சை. சிலோனில் டிக்கோயா பக்கத்துத் தோட்டத்தில் அவன் ஆத்தா ஆண்டாயி பங்களாவில் வேலை பார்த்தவள். அங்கே ரீஸ் என்று ஒரு வெள்ளைக்காரச் சின்னத்துரை இருந்தார், அவருக்கும் அதே கண். துரை யுத்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்திருந்த ஆண்டாயியை வடிவேல் கட்டிக்கொண்டார். இது லயத்து வீட்டு வரிசையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் பேசவில்லை, ஏனென்றால் வடிவேல் கையில் எப்போதும் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி இருந்தது, அதைவிட முக்கியமாக, அவர் நல்ல மனுசன். ஆண்டாயி சிலோனிலேயே செத்துப்போனாள். வடிவேல் மகனோடும் மருமகள் வேலாயியோடும் கப்பலேறி வந்தார்.

முடி நிற்கவில்லை. லயத்து அறையை நிறைத்தது, வாசற்படி இறங்கியது, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைச் சுற்றிக்கொண்டு நாலாம் நம்பர் மலைப்பக்கம் போனது. வேலாயி காலையில் அரிவாளால் வெட்டினால் மத்தியானச் சோற்றுக்குள் வெட்டினதற்குமேல் வந்துவிட்டது. காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும்போது வேலாயி பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள், பின்னால் வருகிற பெண்கள் ஆளுக்கொரு கூடையில் முடியை வாரிப் போட்டுச் சுமந்து வருவார்கள். துவைத்த துணியை அதன்மேல் காயப்போட்டார்கள். பீல்டு ஆபீசர் வந்து பார்த்து, தேயிலைச் செடிமேல் வெயில் படாமல் முடி கிடப்பது தோட்டத்துக்கு நஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால், பிள்ளை தின்ற சோறெல்லாம் முடிக்குப் போனது. கையும் காலும் கவ்வாத்து முடிந்த செடிக் குச்சி மாதிரி ஆயின, கழுத்து தலையைத் தாங்கவில்லை. டிஸ்பென்சரியில் டானிக் கொடுத்தார்கள். முடி பளபளவென்று ஆனது, பிள்ளை இன்னும் இளைத்தாள். தை மாசம் தாங்காது என்று கம்பவுண்டரே சொல்லிவிட்டார்.

வேலாயியின் தம்பி எல்லப்பன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். குந்தாவில் அணை வேலைக்கு சிமெண்டு சுமந்துவிட்டு வந்தவன், கூச்சம் கிடையாது.

“மச்சான், கோவிச்சுக்காத. முடியத் தப்பான சாமிக்குக் குடுத்துட்ட. கருப்பு திருப்பி அனுப்பிருச்சு.”

“என் அப்பன் வடிவேலு,” என்றான் அய்யாவு. “எனக்கு வேற சாமி கெடையாது. முடி போனாப் போவுது.”

“போவ மாட்டேங்குதே!” என்றாள் வேலாயி. “அதானய்யா பிரச்சனையே.”

வடிவேல் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

தேவாலாவில் இவான்ஸ் என்று ஒரு கிழத்துரை இருந்தார். பாக்டரி மெசின் பிட்டராக வந்து, மற்ற துரைமார் ஊர் திரும்பிய ஒவ்வொரு கப்பலையும் ஏதோ ஒரு காரணத்தால் தவறவிட்டு, பன்றி வளர்த்துக்கொண்டிருந்தவர். எல்லப்பன் அவரிடம் போய், ரீஸ் என்கிற பேரை எந்த ஊரில் வைப்பார்கள் என்று கேட்டான். அது எங்கள் ஊர், வேல்ஸ், இங்கிலீஷ்காரன் என்று யாராவது சொன்னால் பல்லைக் கழற்று என்றார் இவான்ஸ். பிறகு விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொழுந்து லாரியில் ஏறி வந்து, மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முடிக்குள் என்ன இருக்கிறது பார்க்கலாம் என்று சீவச் சொன்னார்.

வேலாயி மரச்சீப்பால் சீவினாள். முதலில் உதிர்ந்தது தேயிலைத் தூள். அம்மா என்று சொல்லத் தெரியாத சின்னம்மை தெளிவாக “ரீஸ்” என்றாள். வடிவேல் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் மலைக்குப் போய்விட்டார். அடுத்து நிலக்கரிப் பொடி உதிர்ந்தது, “தாமஸ்” என்றாள். இவான்ஸ் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இது எங்கள் பக்கத்துக் கரி, இவன் சுரங்கத்துக்காரன் என்றார். பிறகு சிலேட்டுக் கல் சில்லு. பிறகு ஆட்டு ரோமமும் அதில் ஒட்டிய முள்காயும், அது பல தலைமுறைக்கு வந்தது. டேவிட், ஹிவெல், மறுபடி ரீஸ், மாடோக். அந்த வாரம் முழுக்க இவான்ஸ் லாரியில் வந்து போனார், வேலாயி வேலை முடிந்து வந்து சீவினாள், லயத்து முற்றத்தில் உதிர்ந்ததை எல்லப்பன் கூட்டி அள்ளினான். முடியில் கீழே போகப்போகக் காலம் பின்னால் போனது. துப்பாக்கி ரவை நின்று அம்பு முனை வந்தது. அதற்கப்புறம் வந்த பேர்களுக்குக் குடும்பப் பேரே இல்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு அப்பன் பேர்தான், அவன் அப்பன் பேர், அவனுக்கு அப்பன் பேர், அப்படியே சேர்த்துச் சொல்லுவோம் என்றார் இவான்ஸ்.

“நம்ம இனிசியல் மாதிரி,” என்றான் எல்லப்பன். “எத்தன போடுவீங்க தொரை?”

“நல்ல குடும்பம்னா பத்து, பன்னெண்டு.”

“ரேசன் கார்டுல எடம் பத்தாதே.”

எண்ணூறு வருசம் தாண்டிவிட்டது என்று இவான்ஸ் சொன்ன அன்றைக்கு மெழுகுத் துளிகள் உதிர்ந்தன. அதற்கடுத்துச் சீப்பில் எதுவும் வரவில்லை, தண்ணீர் வந்தது. சுத்தமான, பல் கூசுகிற தண்ணீர், சொட்டுச் சொட்டாக. இவான்ஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பெண்ணின் பேரைச் சொன்னார், தொண்டையைச் செருமுகிற மாதிரி இருந்தது, லயத்தில் யாருக்கும் வாயில் நிற்கவில்லை. ஒரு ராசா கட்டிக்கொள்ளத் துரத்தினானாம், அவள் மலைமேல் ஓடி, களைத்து உட்கார்ந்த இடத்தில் ஊற்று வந்ததாம். சீக்குப் பிள்ளைகளை அதில் முக்கி எடுத்து, பக்கத்து மரத்தில் துணி கட்டுவார்களாம். அந்தப் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு அவள்தான் எல்லாம்.

“அப்ப அதான் கொலசாமி,” என்றாள் வேலாயி.

இவான்ஸுக்குக் கோபம் வந்தது. நாங்கள் சாப்பல்காரர்கள், வெறும் ஜெபக்கூடத்துச் சனம், புனிதர், தீர்த்தம் இதையெல்லாம் நானூறு வருசத்துக்கு முன்னாலேயே விட்டாச்சு என்றார்.

“நீங்க விட்டீங்க. அந்தாத்தா விட்டுச்சா?”

இவான்ஸ் தேத்தண்ணி கேட்டார். குடித்து முடித்தபின், அங்கே போயும் பிரயோசனமில்லை என்றார். நகரத்துச் சனம் குடிக்கவென்று அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டி, ஊரைக் காலிபண்ணி அனுப்பிவிட்டார்கள், சாப்பல், கல்லறை, ஊற்று எல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில். எல்லப்பனுக்கு அணை தெரியும். தண்ணிக்குள்ள தண்ணிய எங்கேன்னு தேடறது என்றான்.

வாசலில் வடிவேல் நின்றிருந்தார். அந்த வாரம் முழுக்க அவர், அய்யாவு எதிரே வந்தால் பாதை மாறிப் போனார். இப்போது உள்ளே வந்து பிள்ளையின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

“அப்ப சாமியையும் காலிபண்ணி விட்டுட்டாங்க,” என்றார். “எந்தக் கேம்ப்புக்குப் போவணும்னு அதுக்கும் தெரியல போல.”

“எனக்கு வேண்டாம்ப்பா,” என்றான் அய்யாவு. “இந்தச் சாமியக் கும்பிட்டா நான் உங்க பிள்ளை இல்லேன்னு ஆயிரும்.”

“போடா கூறுகெட்டவனே. மொதல் மொதல்ல பிரட்டுக்களத்துக்குக் கைபுடிச்சிக் கூட்டிப் போனது எந்தத் தொரை? மசுரு மட்டும் அவுங்களோடது. குடுத்துட்டுப் போவோம், என்ன இப்ப?”

மறுநாள் முடியின் நுனி எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனார்கள். நாலாம் நம்பர் மலையில், செடி வராது என்று விட்டுவைத்த பாறைக்குக் கீழே முடி முடிந்தது. முடிந்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. முந்தின வாரம் வரைக்கும் அங்கே பொட்டு ஈரம் கிடையாது. பீல்டு ஆபீசர் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் தண்ணீர் வடிய ஒரு கானு வெட்ட வேண்டும் என்றார்.

வளர்பிறை வெள்ளிக்கிழமை பார்த்து, சேரம்பாடியிலிருந்து முடிவெட்டுகிறவரை வரவழைத்தார்கள். பொங்கல் வைத்தார்கள். கோழி அறுக்கலாமா என்று இவான்ஸிடம் கேட்டதற்கு, அவள் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டதில்லை என்றார், ஆகவே தேங்காய் மட்டும். தாய்மாமன் எல்லப்பன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். கத்தி வைத்தால் கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி வழுக்கியது. வம்சம் சொல்லாமல் சாமி முடியை வாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளையில் தொடங்கி, ஆண் வழியில் மூத்தவர் மேலே மேலே சொல்லிப்போக வேண்டும். எங்கள் ஊர்ப் பேர்கள், நான் சொல்கிறேன் என்று இவான்ஸ் முன்னால் வந்தார்.

“சத்தமில்லாம இருங்க தொரை,” என்றார் வடிவேல். “இது எங்க வீட்டு விசேசம்.”

அவர் அந்த வாரம் மலையில் செடி வெட்டும்போது, வெட்டுக்கு ஒரு பேராகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணியிருந்தார். யாரிடம் கேட்டுப் படித்தார் என்று தெரியவில்லை, வாசலுக்கு வெளியே நின்று கேட்டிருக்க வேண்டும். ஈர வேட்டியோடு ஊற்றைப் பார்த்து நின்றார்.

“சின்னம்மை. அவ அப்பன் அய்யாவு.” கொஞ்சம் நிறுத்தினார். முடிவெட்டுகிறவர் கத்தியை வைத்துப் பார்த்தார், வழுக்கியது. அய்யாவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அய்யாவோட அப்பன் வடிவேலு,” என்றார். “வடிவேலோட அப்பன் ரீசு.”

“அது தப்பு!” என்றார் இவான்ஸ். “அந்த ரீஸ் உன்னைவிட வயசில் சின்னவனா இருப்பான், மேன்!”

“அப்பன்னு நான் ஒத்துக்கிட்டா உங்களுக்கு என்னாங்க நோவுது?”

வடிவேல் தொடர்ந்தார். ரீசோட அப்பன் தாமசு, தாமசோட அப்பன் டேவிட்டு, அவன் அப்பன் ஹிவெல், சிலேட்டுக் கல் வெட்டினவன், ஆடு மேய்த்தவன், வில் பிடித்தவன் என்று ஒவ்வொரு பேரையும் தன் தாய் பாஷை மாதிரி சொல்லிக்கொண்டே மேலே போய், கடைசியில் அந்தச் செருமல் பேரையும் ஒரு செருமு செருமிச் சொல்லி முடித்தார். ஊற்று ஒரு முறை குமிழி விட்டது. சாமி கணக்குப் பார்க்கிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். கத்தி இறங்கியது. முதல் கற்றை தண்ணீரில் விழுந்து, சுற்றி, உள்ளே போனது. மீதியை ஆறேழு பேர் சேர்ந்து மாலை வரைக்கும் அள்ளிப் போட்டார்கள், எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டது.

முடி திரும்ப வரவில்லை. சின்னம்மை அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்டு அழுதாள், மாசி பிறக்கும்போது கன்னத்தில் சதை வைத்துவிட்டது. வடிவேல் துறையூருக்குத் தனியாகப் போய், கருப்புக்கு ஒரு சேவல் அறுத்து விவரத்தைச் சொல்லிவிட்டு வந்தார். கருப்பு ஒன்றும் சொல்லவில்லை என்றார். அய்யாவு இனிசியலை மாற்றவில்லை. நாலாம் நம்பர் ஊற்றை சனங்கள் ஊத்தாத்தா என்றார்கள், கொழுந்துப் பெண்கள் மத்தியானம் அதில்தான் தண்ணீர் மொண்டார்கள், குலசாமி கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியவர்களும் பிறகு பிள்ளைகளை அங்கேயே கொண்டுவந்தார்கள், சாமி யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவான்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கும்பிட வரவில்லை, பார்க்க வந்தேன் என்று சொல்லித் தள்ளி நிற்பார். வடிவேல் கொஞ்ச காலம் காலையில் எழுந்ததும் பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மலைக்குப் போனார். பிறகு தடவிப் பார்ப்பது எதற்கு என்பது மறந்துவிட்டது, தடவுவது மட்டும் நிற்கவில்லை.