அத்தையின் கைப்பைக்குள் ஒரு மாத்திரை அட்டை

"இதை எத்தனை நாளா முழுங்கிட்டு இருக்கே?"

ஞாயிற்றுக்கிழமை காலை. மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அத்தை அந்த மாத்திரை அட்டையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைத் தூக்குவதைப்போல எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். வீட்டின் மூத்த மகளான பெரியவளின் அலமாரியில் பவுடர் டப்பா தேடப் போன இடத்தில் அது அகப்பட்டதாம். பவுடர் தேடுகிறவள் உள்ளாடைகளுக்கு அடியில் ஏன் கையை விட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அத்தையைக் கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது.

அத்தை, பெரியவளுடைய அப்பாவின் அக்கா. முப்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அச்சில் வந்த எதையும் நம்புவாள். ஆனால் எதையும் முதல் வரிக்கு மேல் படிக்க மாட்டாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தின் முதல் வரியில் "கருத்தடை மாத்திரை" என்று போட்டிருந்தது. அவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

"தம்பி, கேட்டுக்க. கல்யாணம் ஆகாத பொண்ணு கருத்தடை மாத்திரை சாப்பிடறா. உன் வீட்டுல!"

அப்பா டீக் கோப்பையை வைத்தார். பஸ் டிப்போவில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறித்து வைப்பது அவர் வேலை. அங்கே ஒரு நிமிஷம் தாமதமானாலும் கத்துவார். வீட்டில் அவருக்கு எதுவுமே கண்ணில் படுவதில்லை. இப்போதும் மகளைப் பார்க்காமல் அக்காவைத்தான் பார்த்தார்.

"டாக்டர் குடுத்தது அத்தை," என்றாள் பெரியவள். "எனக்குப் பி.சி.ஓ.எஸ். ஹார்மோன் கோளாறு. பரு, தாடையில முடி, மாசம் தள்ளிப் போறது எல்லாம் அதனாலதான். இந்த மாத்திரை அதைக் கட்டுக்குள்ள வைக்கும்."

"எந்த டாக்டராவது பருவுக்குப் போய்க் கருத்தடை மாத்திரை குடுப்பாங்களா? யார்கிட்ட கதை விடறே?"

"ரெண்டாவது வரியைப் படிங்க."

அத்தை படிக்கவில்லை. மாத்திரை அட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டு, பட்டென்று மூடினாள்.

"குப்பைல போட்டா சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணுல பட்டுத் தொலைக்கும். அவங்க போனதும் நானே கொண்டு போய்க் கண் காணாத எடத்துல போடறேன். இனிமே அந்த டாக்டர் இருக்கற பக்கமே நீ தலைவச்சுப் படுக்கக் கூடாது. கல்யாணம் ஆனா எல்லாம் தானா சரியாயிடும்."

"அத்தை சொல்றதக் கேளு," என்றார் அப்பா. தீர்ப்பு முடிந்தது. டீயைக் குடித்தார்.

பெரியவளுக்கு இப்போது இருபத்தேழு வயது. பதினைந்து வயதில் வந்த பரு. வகுப்பில் அவளுக்கு "தாடி" என்று பெயர். வீட்டிலோ ஆளாளுக்கு வைத்தியம். முகம் கழுவாததால் வந்தது என்றாள் அத்தை. கழுவக் கழுவ அதிகமானபோது, மனசு சுத்தமில்லாததால் வந்தது என்றாள். பருவின் மேல் பற்பசை தடவினாள். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து வெயிலில் உட்கார வைத்தாள். தோல் வெந்து கறுத்தது. அம்மா வேறு, தினமும் காலையில் ஜன்னலோரம் அவள் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தாடையில் முளைத்த முடிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். சவரம் செய்தால் ஆம்பிளைக்கு வளர்வதுபோலத் தடித்து வளரும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பிடுங்கிய இடமெல்லாம் புண்ணாகி, புண் ஆறிக் கரும்புள்ளியானது. பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு லட்சம் முடியாவது பிடுங்கியிருப்பார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, டாக்டரிடம் கூட்டிப்போக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரிடம் போனால் நோய் என்று ஆகிவிடுமாம். நோய் என்று ஆனால் கல்யாணம் ஆகாதாம். மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்!

கடைசியில் அவளே போனாள். அந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். பிடுங்குவதை முதலில் நிறுத்தச் சொன்னார். சவரம் செய்தால் முடி தடிக்காது, அது வெறும் கட்டுக்கதை என்றார். இரவில் தடவ ஒரு களிம்பும் தினமும் ஒரு மாத்திரையும் கொடுத்தார். "பரு அடங்க மூணு மாசமாவது ஆகும். முடிக்கு ஆறு மாசத்துக்கு மேல. அடியோட போயிடும்னு சொல்ல மாட்டேன், மெலிசாகும், மெதுவா வளரும். நடுவுல விட்டீங்கன்னா பழையபடி ஆரம்பிச்சிடும்," என்றும் சொல்லியிருந்தார். இது நாலாவது மாதம். போன வாரம்தான், பரு வந்ததிலிருந்து முதல் தடவையாக, கன்னம் தலையணையில் பட்டபோது அவளுக்கு வலிக்கவில்லை. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தனியாகச் சந்தோஷப்பட்டிருந்தாள். அந்தச் சந்தோஷம் இப்போது அத்தையின் கைப்பைக்குள் கிடந்தது.

பெரியவளுக்குப் போட்டோ ஸ்டுடியோவில் வேலை. எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துச் சரிசெய்வாள். ஊரில் உள்ளவர்களின் தழும்பு, கருவளையம், இரட்டைத் தாடை எல்லாம் அவள் கையால்தான் மறையும். ஒரு முகத்தைப் பார்த்ததும் எங்கே என்ன மறைத்திருக்கிறார்கள் என்று அவள் கண் சொல்லிவிடும். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய படத்தையும் அப்படித்தான் பார்த்தாள். முன்நெற்றியில் இருந்த முடி முழுக்க யாரோ வரைந்தது. அவளிடம் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக வரைந்திருப்பாள்.

நாலு மணிக்கு வந்தார்கள். அதற்குள் அத்தை சுவருக்குக் காரை பூசுவதுபோல் பெரியவளின் முகத்தில் ஒரு பூச்சுப் பூசி முடித்திருந்தாள். மாப்பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் வந்தும் கழற்றவில்லை. கழற்றச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. அவன் அப்பா, கொடுத்த பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்பதில் மும்முரமாக இருந்தார். பேச்செல்லாம் மாப்பிள்ளையின் தாயாருடையது. நல்ல உயரம், கனத்த குரல், கழுத்து வரை பவுடர்.

"எங்க வீட்ல ஒரு வழக்கம் உண்டு," என்றாள் அந்த அம்மாள். "பொண்ணு முகம் கழுவிட்டு வந்து உக்காரணும். மூத்த மருமகளையும் அப்படித்தான் பார்த்தோம். பின்னாடி அப்படி இப்படின்னு பேச்சு வரக் கூடாது பாருங்க."

அம்மாவின் முகம் செத்தது. அத்தை மட்டும், "அதுக்கென்ன, தாராளமா," என்று பல்லைக் காட்டினாள். அவளே நூறு தடவை இப்படிப் பெண்களைக் கழுவிப் பார்த்திருக்க வேண்டியவள். வாய்ப்புக் கிடைக்காமல் போனது அவள் துரதிர்ஷ்டம்.

பெரியவள் கழுவிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் தாயார் எழுந்து, அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். கத்தரிக்காய் வாங்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிச் சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி. மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இதெல்லாம் என்ன? முடியா?"

"சூட்டுக் கொப்புளம்," என்றாள் அம்மா அவசரமாக. "வெயில் ஒத்துக்காது அவளுக்கு."

"முடிதாங்க," என்றாள் பெரியவள். "சூடெல்லாம் இல்ல. எனக்கு ஹார்மோன் கோளாறு இருக்கு. பத்துப் பொண்ணுங்கள்ல ஒருத்திக்கு இருக்கற கோளாறுதான்னு டாக்டர் சொன்னாங்க. மருந்து சாப்பிடறேன்."

"சும்மா இருடி," என்று அத்தை பல்லைக் கடித்தாள்.

"இதென்ன கண்றாவி!" என்றாள் மாப்பிள்ளையின் தாயார். "எங்க பரம்பரையிலயே பொம்பளைங்களுக்கு இப்படிக் கெடையாது. என்ன பாவம் பண்ணினா இப்படி முளைக்கும்?"

இன்னும் அவள் கை பெரியவளின் தாடையில்தான் இருந்தது. இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஜன்னல் வெளிச்சம் இரண்டு பேர் மேலும் விழுந்தது. அந்த அம்மாளின் தாடைக்கு அடியில், பவுடருக்குக் கீழே, நீலம் பாய்ந்த நிழல் தெரிந்தது. அந்த மாதிரி நிழலை ஆம்பிளைகளின் படத்தில் பெரியவள் தினமும் பத்துத் தடவை அழிக்கிறாள். நிழலுக்கு நடுவில் அன்று காலையில் விழுந்த, இன்னும் காயாத சின்ன வெட்டு. பெரியவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அருவருப்பு வந்தது. முடியைப் பார்த்து அல்ல.

அவள் அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். திரும்பி, "அத்தை, என் மாத்திரையக் குடுங்க. காலைல சாப்பிட வேண்டியது," என்றாள்.

"எந்த மாத்திரை? என்ன உளர்றே?"

"உங்க பையில இருக்கு. கருத்தடை மாத்திரை."

மாப்பிள்ளையின் அப்பா பிஸ்கட்டை நனைப்பதைப் பாதியில் நிறுத்தினார். அப்பா பேயறைந்ததுபோல உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை கடைசியில் தலையைத் தூக்கினான். பெரியவள் யாரையும் பார்க்காமல் அத்தைக்கு முன்னால் கையை நீட்டியபடி நின்றாள். அவசரப்படவில்லை. குரலை உயர்த்தவில்லை. ஸ்டுடியோவில் அழுகிற குழந்தைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றாள்.

"இந்தக் கோளாறுக்கு இதைத்தான் குடுப்பாங்க," என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கினாள். "மறைச்சு வைக்கறதுக்கு நான் என்ன தப்பா பண்ணிட்டேன்? கல்யாணம் ஆனாலும் சாப்பிடுவேன். ஆகாட்டியும் சாப்பிடுவேன்."

அம்மாதான் எழுந்தாள். பெரியவள் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மா அத்தையின் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் திறந்து, அட்டையை வெளியே எடுத்தாள்.

"அது என்ன, இங்க குடுங்க பார்ப்போம்," என்று மாப்பிள்ளையின் தாயார் குறுக்கே பாய்ந்து அதை வாங்கினாள். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடுதான் வாங்கினாள். ஆனால் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தபோது உதடு மெல்ல அசைந்தது. மறுபடி படித்தாள். மெதுவாக உட்கார்ந்து, மூன்றாவது தடவையும் படித்தாள்.

"இது... எத்தனை மாசம் ஆகும்?" என்று கேட்டது அந்தக் கனத்த குரல், பாதியாகக் குறைந்து.

"முடிக்கு ஆறு மாசமாவது ஆகும். கடையில நீங்களா கேட்டு வாங்கக் கூடாது. வயசு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்லணும். வயசானவங்களுக்கு வேற மருந்து குடுப்பாங்க," என்ற பெரியவள், குனிந்து அந்த அம்மாளின் காதருகே இன்னும் ஏதோ சொன்னாள்.

மாப்பிள்ளையின் தாயார் அட்டையை மேஜையில் போட்டாள். நெருப்பை மிதித்ததுபோல எழுந்தாள். "கிளம்புங்க," என்றாள் புருஷனிடம். நனைத்த பிஸ்கட் அவர் டீயிலேயே விழுந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். "முகத்துல குறை இருந்தாக்கூடப் பாத்துக்கலாம்னுதான் நெனச்சோம். ஆனா பொண்ணுக்கு அடக்கம் பத்தாதுங்க. எங்க வீட்டம்மா காதுல என்னத்தையோ சொல்லிருக்கு. என்னன்னு கேட்டா அவ வாயே தொறக்க மாட்டேங்கறா. வந்ததுலேருந்து கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கா."

போனை வைத்ததும் அத்தை ஆரம்பித்தாள். "கைல வந்ததக் கெடுத்துட்டியேடி! பெரிய எடம்! அப்படி என்னதான் சொன்னே அந்தம்மா காதுல?"

பெரியவள் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, தண்ணீரோடு விழுங்கினாள்.

"சவரம் பண்றதுக்கு முன்னாடி முகத்தை நல்லா நனைச்சுக்கங்கன்னு சொன்னேன். காஞ்ச முகத்துல பண்ணினா இப்படித்தான் வெட்டும்."

அம்மா முதலில் விழித்தாள். பிறகு புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாகூட மீசைக்குள் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை எப்போதோ எழுந்து தன் மேலுதட்டை மூடியிருந்தது.