மாப்பிள்ளை எந்த இடத்துல வந்தாரு?

1

இந்தக் கதை ஒரு குடையிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியைப் போட்டபோது ஏதோ பழைய படம், பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்காரியாக வரும் ஒரு புதுமுகம், தன் உயரத்தில் முக்கால் இருக்கும் ஆண்கள் குடையைக் கதாநாயகனிடம் நீட்டிக்கொண்டே வேடிக்கையாக ஒரு வசனம் பேசினாள். அவள் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், யாரோ அப்போதுதான் கையில் திணித்தது போலிருந்தது. யார்? தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன், கண்ணுகளா.

2

திணித்தவர் ஒரு சிரிப்பு நடிகர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிறந்தபோதே வீடு சிரித்தது, ஏனென்றால் அவருடைய மூக்கு

(வேண்டாம். மூக்கை வைத்துச் சிரிக்க வைப்பது அவருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது.)

நேராக முதல் படத்துக்குப் போய்விடுவோம். அதில் அவர், பாதிச் சவரத்தோடு சலூனைவிட்டு ஓடும் வாடிக்கையாளர். முதல் நாளே மனைவி, மாமியார், மைத்துனர்கள் என்று தியேட்டரில் ஒரு வரிசையையே நிரப்பினார். படம் முடிந்தது. அவர் வரவே இல்லை. சலூன் கதவு மட்டும் ஒருமுறை ஆடியது.

"மாப்பிள்ளை எந்த இடத்துலடி வந்தாரு? நான் கண்ணைக்கூட மூடலையே" என்றார் மாமியார்.

"கதவுக்கு அந்தப் பக்கம் நின்னாரும்மா" என்றாள் மனைவி.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் அவளை வாழ்நாள் முழுக்க

(விடுங்கள். சொன்னால் கெட்டுவிடும்.)

3

மறுநாள் படத்தொகுப்பாளரைத் தேடிப் போனார். ஜன்னல் இல்லாத அறை. தரையெல்லாம் வெட்டிப் போட்ட பிலிம். படம் நீண்டுவிட்டால் முதலில் கை வைப்பது சிரிப்புக் காட்சியில்தான் என்று தொகுப்பாளர் ஒளிக்காமல் சொன்னார். "உன்னை எடுத்தா கதைக்கு வலிக்காதுப்பா."

வலிக்கும்படி செய்தால்?

அடுத்த படத்தில், கதாநாயகன் மழையில் குடை பிடித்து நடக்கும் காட்சியை முன்பே எடுத்துவிட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அவன் வீட்டைவிட்டுக் கிளம்பும் காட்சியில் அந்தக் குடையை இவரே எடுத்துக் கொடுத்தார். இவரை வெட்டினால், குடை வானத்திலிருந்தா விழுந்தது? தப்பித்தார். பிறகு சாவி, கடிதம், மூக்குக்கண்ணாடி. கதைக்கு எது வேண்டுமோ அது இவர் கையில். பதினோரு வருஷம். தொகுப்பாளர் "எமகாதகன்" என்று திட்டிக்கொண்டே ஒட்டினார்.

(என் கதையும் நீள்கிறது. மாமியாரை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். தலைப்பு அவர் கையில் இருக்கிறது. முடியவில்லை.)

4

பன்னிரண்டாம் வருஷம் அவருக்கென்றே மூன்று நிமிஷக் காட்சி கிடைத்தது. தன்னந்தனியாக ஒரு நாற்காலியோடு சண்டை. அதுவரை செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது. அது முடிந்ததும் கதாநாயகன் உள்ளே வருவான், இவர் குடையைக் கொடுப்பார், காட்சி தப்பிக்கும். அந்தக் கடைசித் துண்டு மட்டும்தான் பாக்கி.

புதுமுகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படம் முழுவதற்கும் அவளுக்கு இருந்தது ஒரே வசனம். எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாத வசனம்.

"தியேட்டர்ல ஒரு வரிசை முழுக்கச் சொல்லி வச்சிருக்கேண்ணே. அம்மா, சித்தி, எல்லாரும் வராங்க."

முதல் வரைவில் அவர் குடையைக் கொடுக்கவில்லை. பதினோரு வருஷப் பிடி, எப்படி விடுவார்? கோபத்தில் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த 'வரிசை' அவரையும் தூங்கவிடவில்லை என்று தெரிந்தது.

"இந்தாம்மா, இதைப் பிடி."

"எனக்கு எதுக்குண்ணே? வசனத்துல குடையே இல்லையே."

"வசனத்தைப் பேசிக்கிட்டே ஹீரோகிட்ட நீட்டு. பேசி முடிக்கிற வரைக்கும் விட்டுடாதே."

5

நாற்காலிச் சண்டையைத் தொகுப்பாளர் மொத்தமாக எடுத்துவிட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். கிழித்தேன். இன்னொன்று: குடை கை மாறியதைப் பார்த்ததுமே தொகுப்பாளருக்கு விஷயம் புரிந்து, கத்தரியைக் கீழே

(இனிப்பு அதிகம்.)

நான் தொலைக்காட்சியைப் போட்டதே அந்தக் குடை வந்த பிறகுதான். அதற்கு முந்தைய மூன்று நிமிஷத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது.

முதல் நாள். தியேட்டரில் இரண்டு வரிசைகள் நிரம்பியிருக்கின்றன. முன்னால் புதுமுகத்தின் வீட்டார். பின்னால் மாமியார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவை கதவுக்கு எந்தப் பக்கம் மாப்பிள்ளை?" என்கிறார்.

"தெரியல அத்தை. பாருங்க" என்கிறார் அவர், பயமும் சிரிப்புமாக. மனைவி அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். விளக்கு அணைகிறது.

கத்தரியை உங்களிடம் தருகிறேன், கண்ணுகளா. கதை நீளம்தான். எங்காவது வெட்டத்தான் வேண்டும். அவரை எடுத்துப் பாருங்கள். வலிக்கிறதா என்று சொல்லுங்கள்.