உள்ளே போனவள் சொல்ல வேண்டிய சொல்

பள்ளிக்கூடத்தில் கிளியர் என்றால் தெளிவு என்று மனப்பாடம் பண்ணினோம். வானம் கிளியர், தண்ணீர் கிளியர். எங்கள் சலவைக்கூடத்தில் அதற்கு அர்த்தம் வேறு: நான் வெளியே வந்துவிட்டேன், கையும் காலும் என்னோடுதான் இருக்கின்றன, இனி சுவிட்சைப் போடலாம். மெஷினுக்குள் போனவள்தான் அதைச் சொல்ல வேண்டும். அவளுக்காக வேறு யாரும் சொல்லக் கூடாது.

அன்றைக்கு உள்ளே போனவள் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. டிரம்மின் துளைகளில் சிக்கிய பஞ்சையும் பட்டனையும் சுரண்டி எடுக்கிற வேலை. ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குப் பெரிய டிரம். சுவிட்சு இருப்பது மெஷினுக்குப் பின்னால். அங்கே நிற்கிற எனக்கு முன்பக்கம் தெரியாது.

என் மகன் ஃபெயிலானதை அவள் தன் அம்மா வீட்டில் போய் ஓதியிருந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. "நீ இருந்தா என்ன, தொலைஞ்சா என்ன" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் கிடையாது. வேலையில் 'கிளியர்' என்பாள், நான் சுவிட்சைப் போடுவேன். எவ்வளவு கோபத்திலும் அந்தச் சொல்லை அவள் விழுங்கினதில்லை.

அன்றைக்கு அது வரவில்லை. டமாரென்று மெஷின் கதவைச் சாத்துகிற சத்தம்தான் கேட்டது. சாத்தியது சூப்பர்வைசர்.

"கிளியராத்தான் இருக்கு, போடும்மா."

அவ சொல்லட்டும் சார் என்றேன். டீ குடிக்கப் போயிருப்பாள், துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது என்று எரிந்து விழுந்தார். எங்கடி இருக்கே என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நகரு, நானே போடுகிறேன் என்று அந்த மனுஷன் பின்பக்கம் வந்தார். ஃப்யூஸைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அவரை இடித்துத் தள்ளிவிட்டு முன்பக்கம் ஓடினேன்.

கதவைத் திறந்தால், டிரம்மின் அடியில் சுருண்டு கிடந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது. காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். தண்ணீர் புகட்டிய பிறகுதான் பேச்சு வந்தது.

"தலை சுத்திடுச்சுக்கா. நாக்கு எழும்பல. சார் உங்களைப் 'போடும்மா'ன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. போட்டுடுவாங்கன்னே நெனச்சேன்."

"அந்த ஆளா? ஃப்யூஸ் என்கிட்டல்ல இருக்கு."

என் கையைப் பிடித்திருந்தவள் மெல்ல விட்டாள்.

"அவரைச் சொல்லலக்கா. உங்களை."