ரயில் பிடிக்காதவள்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், ஒயிட்ஃபீல்டு வேலைக்குப் போகும் காலை ரயில் ஏறியதும் துப்பட்டாவை விரித்து நாலு பேருக்கு இடம் பிடிப்பேன். பங்காரப்பேட்டையில் பூதிகோட்டைக் கிராமத்துப் பெண்கள் கும்பல் ஏறும்போது ஒரு சீட்டும் மிஞ்சியிருக்காது. எங்கள் வேலையைப் பிடுங்க வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேறா? ஆற்காட்டில் சோற்றுக்கு வழியில்லாமல் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேத்திகள்தான் நாங்கள். அதை ரயிலில் யாரும் பேசமாட்டோம்.

மங்கம்மாவும் அப்படி நின்றுகொண்டே வந்தவள். ஊரில் போர்வெல் வற்றி, தக்காளி காய்ந்து போய், ஒயிட்ஃபீல்டில் நான் கூட்டிப் பெருக்கும் அதே ஆபீஸ் கட்டடத்தில் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் ரயிலை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவளைப் பார்த்து அவள் ஊர்ப் பெண்கள் இன்னும் சிலர் தங்கினார்கள்.

எங்கள் ஊர்க்காரிகளுக்கு ஒரு வீம்பு உண்டு. ஷிஃப்ட் முடிந்தால் முடிந்ததுதான். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் அது மட்டும் போகவில்லை. மணி ஐந்தடித்தால் பாதி கூட்டிய தரையிலேயே துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவோம். மிச்சத்தை மங்கம்மா கூட்டுவாள். நல்ல இளிச்சவாய் கிடைத்தாள் என்று வழியெல்லாம் சிரிப்போம். எங்கள் வேலையை நாங்களே தினமும் அவள் கையில் கொடுத்திருக்கிறோம், புத்தி கெட்ட ஜென்மங்கள்.

நேற்று சாயங்காலம் சூப்பர்வைசர் மாணிக்கராஜ் கூப்பிட்டான். எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பகுதிக்காரன், எங்கள் ஆள். இனிமேல் தங்குகிறவர்களுக்குத்தான் வேலை என்றான். வீட்டில் என் மகள் நிவேதா தனியாக இருக்கிறாள், பியூசி படிக்கிறாள், அவளுக்கு என்னை விட்டால் யாருமில்லை என்று கெஞ்சினேன். அவன் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான்.

“இன்னா ஜானகி, ரயிலு புடிக்கிறவங்கள வச்சிக்கினு நான் இன்னா பண்றது? தங்கறதுன்னா தங்கு. இல்லன்னா நாளைக்கி வராத.”

தூ, இவனும் ஒரு மனுஷன்.

கீழே போய் அவர்கள் தங்கும் இடத்தைப் பார்த்தேன். கார் நிறுத்தும் தளத்தில், குப்பை அறையை ஒட்டி வரிசையாகப் பாய்கள். கேன்டீனில் மிஞ்சிய சோறு டிரம்மில் புளித்துக் கிடந்தது. அதிலிருந்து ஒழுகிய தண்ணீர் பாய்வரைக்கும் வந்திருந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவில் ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பன்றிகூடப் படுக்காது இங்கே, நான் போகிறேன் என்று அங்கே நின்ற மங்கம்மாவிடம் கத்திவிட்டுத் திரும்பினேன்.

அவள் கோபப்படவில்லை. பின்னாலேயே வந்து பாதித் தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நீங்க போறதுன்னா உங்க எடத்துக்கு என் தங்கச்சிய வரச் சொல்லட்டுமா? ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்கா.”

சீ என்று வாய்வரை வந்தது. இந்த நாற்றத்துக்கும் போட்டியா? அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கையில் போனோடு நின்றாள்.

நான் என் போனை எடுத்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படு, அம்மா இன்றைக்கு வரவில்லை என்று நிவேதாவிடம் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

“உன் தங்கச்சிய வர வேணாம்னு சொல்லு,” என்றேன் மங்கம்மாவிடம். “உன் பாயக் கொஞ்சம் தள்ளிப் போடு.”