நான்கு கட்டங்களில் கூடுதல் பெட்ரோல்

“இந்த மூணுல எது நல்லதுன்னு நீங்க நினைக்கிறீங்க?” என்று அவளிடம் ஒருவர் கேட்டார்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்த ஒர்க்‌ஷாப்பில் அதுவரை யாரும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய அண்ணனிடம்தான் பேசுவார்கள். வெல்டிங் அடிப்பதும் குழாய் வளைப்பதும் கைகுலுக்குவதும் அவன் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள்.

கேட்டவர் பல்செட் செய்பவர். சொந்தமாகச் சின்னதாய் ஒரு கடை. பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து, அதற்கு டர்போ வைக்கவேண்டும் என்றார். அண்ணன் அவரை உட்காரவைத்து விளக்கினான்.

“டர்போ வச்சா எஞ்சினுக்குள்ள காத்து நிறைய போகும் சார், இழுவை கூடும். அதுக்குத் தக்க பெட்ரோலும் போகணும். போகலைன்னா சூடு ஏறிப் பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும். அப்புறம் வண்டியை எடைக்குத்தான் போடணும்.”

“ஐயையோ.”

“பயப்படாதீங்க, அதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு, பிரஷர் ரெகுலேட்டர். காத்து அழுத்தம் ஏறினா பெட்ரோல் அழுத்தத்தையும் அதுவே ஏத்திக் குடுக்கும். ஒரே நாள்ல மாட்டிடலாம். ஆனா குத்துமதிப்புதான், நுணுக்கம் இருக்காது. ரெண்டாவது, இந்தச் சின்னப் பெட்டி. வண்டியோட சொந்தக் கம்ப்யூட்டர் அப்படியே இருக்கும், இது நடுவுல உக்காந்துக்கிட்டு அதை ஏமாத்தி வேலை வாங்கும். மூணாவது, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் புதுசு வைக்கிறது. அதுக்கு ஒண்ணுமே தெரியாது, பிறந்த குழந்தை மாதிரி. எல்லாத்தையும் ரோட்டுல ஓட்டி ஓட்டிச் சொல்லிக் குடுக்கணும். வாரக்கணக்கா ஆகும்.”

அப்போதுதான் அவர் தடுப்பின் பக்கம் திரும்பி அவளைக் கேட்டார்.

அவர் கேட்ட சக்திக்கு இரண்டாவது தாராளமாய்ப் போதும். ஒரு மதியம் ஓட்டினால் முடிந்துவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், “மூணாவது” என்றாள்.

“அடேயப்பா, வாயைத் திறந்துட்டா!” என்றான் அண்ணன். “சார், உங்க வண்டிக்கு நல்ல நேரம்தான்.”

மூன்றாவது தவறு என்று யாராலும் சொல்ல முடியாது. இருப்பதிலேயே துல்லியமானது அதுதான். இதை அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டர்போவும் புதுக் கம்ப்யூட்டரும் ஏறிய பிறகு, புதன்கிழமைதோறும் அவர் கடையை மதியத்தோடு மூடிவிட்டு வந்தார். ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவில் நீளமாய் ஒரு ரோடு. அவர் ஓட்டுவார். அவள் பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாய் எண்கள். எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும்.

“மூணாவது கியர் போடுங்க. மெதுவா அழுத்துங்க. இன்னும். அப்படியே வச்சுக்குங்க. விடுங்க.”

சொன்னதை அப்படியே செய்தார். வீட்டில் அவள் தண்ணீர் கேட்டால்கூட இரண்டு தரம் கேட்கவேண்டும். இங்கே வாய் திறந்தால் ஒரு கார் கேட்டது. அவளுக்கே அவள் குரல் புதிதாய் இருந்தது.

திரும்பும் வழியில் அவர் கடைக் கதைகள் சொல்வார்.

“நேத்து ஒருத்தர் வந்தார். செட்டு சிரிக்கும்போது நல்லாத்தான் இருக்காம், திட்டும்போதுதான் கழண்டு விழுதாம்.”

“அப்ப திட்டாதீங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நான் எங்க சொல்ல? கூட வந்த அவர் சம்சாரம், அதைச் சரிபண்ணவே வேண்டாம்னுட்டாங்க.”

அவள் சிரித்ததில் கை தவறி வேறு ஏதோ எண்ணை அழுத்திவிட்டாள். அதைத் திருத்தும்போதுதான் அந்த யோசனை வந்தது.

வேலை கிட்டத்தட்ட முடிந்துபோயிருந்தது. அவள் நான்கு கட்டங்களில் மட்டும் பெட்ரோலைக் கூட்டி வைத்தாள். டர்போ வேகம் பிடிக்கிற நேரத்தில் வண்டி ஒரு கணம் திக்கி, பிறகு ஓடும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் கெட்டுப்போகும்; கொஞ்சம் கூடினால் வண்டி விக்கும், அவ்வளவுதான். செய்கிற தப்பிலும் எஞ்சினுக்குக் கேடு வராத பக்கமாய்ப் பார்த்துச் செய்தாள்.

“இன்னும் அங்கே ஒரு இடத்துல பிடிபடல சார். அடுத்த வாரம் பார்க்கலாம்” என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

“பல்லுக்காரர் வண்டி இன்னுமா முடியல? ராக்கெட்டா கட்டறே?” என்று அண்ணன் சாப்பிடும்போது கேட்டான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற ஆறு நாளும் அவளுக்கு நினைவில் நிற்கவே இல்லை. விடியும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்காருவாள், இருட்டும்.

அதற்கடுத்த புதன்கிழமையும் வண்டி அதே இடத்தில் திக்கியது.

“இதோ! மறுபடியும் விக்குது” என்றார் அவர். எரிச்சல் இல்லை அந்தக் குரலில். ஏதோ தப்பித்ததுபோல் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

“சரி, அப்ப இந்த ஞாயித்துக்கிழமையும் போக முடியாது” என்றார்.

“எங்க சார்?”

அவர் வண்டியை ஓரமாய் நிறுத்தினார். கிடங்கு வாசலில் ஒரு லாரி மட்டும் நின்றது.

“மலை மேல. என் சம்சாரம் அங்கதான் இருக்கா, அவங்க அக்கா வீட்ல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. தப்பு என் மேலதான். கூட்டிட்டு வரலாம்னு ஒருதரம் போனேன், பாதி ஏத்தத்துல வண்டி நின்னுடுச்சு. திரும்பி வந்துட்டேன். வண்டி ஏறலன்னு போன்ல சொன்னேன். டர்போ வச்சுக்கிட்டு வர்றேன்னும் சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சரி வாங்கன்னா. முன்னெல்லாம் எப்ப வர்றீங்க, எப்ப வர்றீங்கன்னு கேப்பா.” ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்றை நகத்தால் சுரண்டினார். “இப்ப கேக்கறதில்ல.”

அவள் திரையிலிருந்த எண்களைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க, இன்னும் ஒரு வாரம் ஆகும்தானே? அவகிட்ட அப்படியே சொல்லிடறேன்.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அவர் மலையேறப் பயந்து இந்த விக்கலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் இந்தப் பக்கத்து சீட்டுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு புதன்கிழமை வரும், அதற்குப் பிறகு ஒன்று. மேலே ஒருத்தி கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அந்த நான்கு கட்டங்களையும் அவள் தேடவேண்டியிருக்கவில்லை. விரல் நேராக அங்கே போனது.

“இப்ப ஓட்டுங்க. மூணாவது கியர்.”

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திக்கும் இடம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கிடங்குகள் சரசரவென்று பின்னால் ஓடின.

“என்ன செஞ்சீங்க?”

“நாலு கட்டத்துல பெட்ரோலைக் குறைச்சேன்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் சார். போன வாரமே செஞ்சிருக்கலாம். அதுக்கு முந்தின வாரமும். நான்தான் கூட்டி வச்சிருந்தேன். இந்தப் பெரிய கம்ப்யூட்டரே உங்களுக்குத் தேவையில்ல. ரெண்டாவதே போதும். நீங்க என்கிட்ட கேட்டீங்க, அதனால மூணாவதைச் சொல்லிட்டேன்.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நின்றது. வயரைக் கழற்றி, லேப்டாப்பை மூடி இறங்கினாள்.

“ஞாயித்துக்கிழமை ஏறும் சார். எவ்வளவு ஏத்தமா இருந்தாலும் ஏறும்” என்றாள்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “என்ன சார், ஒருவழியா முடிஞ்சுதா?” என்றான்.

அவர் லேப்டாப் வைக்க வாகாக அவள் பின்னால் தள்ளி வைத்திருந்த பக்கத்து சீட்டை, எட்டி, நெம்பி, முன்னால் இழுத்து அதன் பழைய இடத்தில் நிறுத்தினார். முதுகுச் சாய்வையும் நிமிர்த்தினார். பிறகு கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார்.