மூன்று ரீலுக்கு நரம்பு

தூண்டில் ரீலில் நரம்பு ஏற்றிக்கொண்டிருக்கும்போது வெர்னாவிடம் பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள். ஈரத் துணிக்குள் நரம்பை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் உள்சுற்று தொளதொளவென்று உட்கார்ந்துவிடும். அப்புறம் ஏரியில் வீசுகிறபோது மேல்சுற்று அதற்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். சிக்கல் விழுந்தவன் மீனையா திட்டுவான்? ஏற்றிக் கொடுத்தவளைத்தான் திட்டுவான். ஏப்ரல் மாதம் வேறு. பாஸ் மீன்கள் முட்டையிடக் கரையோரம் ஒதுங்குகிற பருவம். வடக்கு அலபாமாவில் அந்த ஏரியைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் விடியற்காலையிலேயே அவள் வேலை பார்க்கும் தூண்டில் கடையில் வந்து நின்று, எனக்கு முதலில் எனக்கு முதலில் என்று உயிரை வாங்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

கடை முதலாளி ஹோலிஸ் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சாசேஜ் வைத்த பிஸ்கட் ரொட்டியைக் கிரேவியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"பிள்ள, நீ மூஞ்சிய இப்பிடி வச்சிருந்தா ஏரியில இருக்கிற மீனெல்லாம் டென்னசிக்குக் குடிபோயிரும். கொஞ்சம் சிரிச்சுத் தொலை."

"போகட்டும். நீங்க மொதல்ல மீசையில ஒட்டுனத தொடைங்க, மிஸ்டர் ஹோலிஸ். வர்றவன் அதுக்கும் வெல கேக்கப் போறான்."

அவளுக்கும் சிரிப்பு வந்துகொண்டிருந்த காலம் உண்டு. போன அக்டோபரில் அவள் புருஷன் ராய்ஸ், "கொஞ்ச நாள் தனியா இருந்து யோசிக்கணும் வெர்னா" என்று சொல்லிவிட்டு, துணிமணி, தூண்டில் கம்புகள், ரீல்கள், காபி மெஷின் எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஏரிக்கு அக்கரையில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டான். இருபத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு அப்படி என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது என்று அவளுடைய அக்கா பொரிந்து தள்ளினாள். வக்கீலைப் பாரடி என்றாள். வெர்னா பார்க்கவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ராய்ஸின் கயாக் படகு இன்னும் அவள் வீட்டுக் கார் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிறவன் ஊருக்கு நாலு பேர் இருப்பான்; கயாக்கை விட்டுவிட்டுப் போகிறவன் இந்த ஏரிக்கரையில் ஒருத்தன் உண்டா? தண்ணீர் சூடாகட்டும், மீன் கரைக்கு வரட்டும், அவனும் வந்துவிடுவான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். தினமும் சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விடும்போது அண்ணாந்து பார்ப்பாள். தொங்குகிறதா? தொங்குகிறது. அப்பாடா என்று இறங்கி உள்ளே போவாள்.

கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். பழைய துண்டில் எதையோ பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் வெர்னா யாருங்க?"

"நாந்தான். ஏன், போலீசு தேடுதா?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பேர் கென்ட்ரா என்றாள். துண்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சுவர் முழுக்கத் தொங்கிய நரம்புச் சுருள்களைப் பார்த்து மலைத்துப் போனாள். "ஐயோ, இத்தன தினுசா! எனக்குத் தலையே சுத்துது. தூண்டிலப் பத்தி எனக்கு அ, ஆ கூடத் தெரியாது, மிஸ் வெர்னா. ஒரு நரம்புதானே, எது இருந்தா என்னன்னு கெளம்பி வந்துட்டேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்களை வெர்னாவுக்கு எப்போதுமே பிடிக்கும். காலையிலிருந்து வந்தவன் ஒருத்தன்கூட அப்படிச் சொல்லவில்லை.

"பயப்படாத கண்ணு. மூணே ஜாதிதான், மத்ததெல்லாம் பெட்டி மேல ஒட்டுற கலரு. இந்தா, இது தங்கூஸு. மிதக்கும், இழுத்தா நீளும். நீ தப்புப் பண்ணுனாலும் பொறுத்துக்கும். இது ஃப்ளோரோ. தண்ணிக்குள்ள போனா மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனா மொரட்டுப் பிடிவாதம். முடிச்சுப் போடும்போது எச்சி தொட்டு இறுக்கணும். காஞ்ச கையால இறுக்குனா சூட்டுல வெந்து, பெரிய மீனாப் பாத்து அறுத்துக்கிட்டுப் போயிரும். அந்தா அது பின்னல் நரம்பு. பாசியையே அறுத்துக்கிட்டு வரும். எங்க பிடிக்கப் போறீங்க?"

"பழைய பாலத்துக்குக் கீழ. ஒரே பாசிக் காடா இருக்குமே, அங்க. கயாக்ல."

"கயாக்லயா? அப்ப இதையும் கேட்டுக்க. கரையில நிக்கிறவன் மீன இழுப்பான். கயாக்ல மீனு உன்ன இழுக்கும். நரம்பு பலமாத்தான் இருக்கேன்னு ரீல இறுக்கி வச்சியோ, அது போற பக்கமெல்லாம் நீயும் ஊர்கோலம் போக வேண்டியதுதான். கொஞ்சம் விட்டுப் பிடி. அப்புறம், பின்னல் நரம்பக் கையில சுத்தி மட்டும் இழுத்துராத. வெரல அறுத்துரும்."

கென்ட்ரா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். வெர்னா துண்டைப் பிரித்தாள். மூன்று ரீல்கள் இருந்தன. ஒன்று புத்தம் புதிது, சின்னது, பழகுகிறவர்களுக்கானது. மற்ற இரண்டும் கறுப்பு. கைப்பிடி இடப்பக்கம். ஒன்றின் பக்கவாட்டில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு, இன்னொன்றில் வெள்ளைப் பொட்டு.

அவள் வைத்த பொட்டுகள்தான் அவை. எந்த ரீலில் எந்த நரம்பு கிடக்கிறது என்று ராய்ஸுக்கு ஒருநாளும் நினைவிருக்காது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சிவப்பென்றால் ஃப்ளோரோ, வெள்ளையென்றால் பின்னல், இதுகூடவா ஞாபகம் இருக்காது என்று அவனை ஏசிக்கொண்டே அவள்தான் வைத்தாள். வெள்ளைப் பொட்டு கொஞ்சம் கோணலாக இழுபட்டிருந்தது. அன்றைக்கு அவன் பின்னாலிருந்து கழுத்தில் முத்தம் கொடுத்ததில் கை ஆடிப்போன கோணல்.

"இது யாரோடதும்மா?" தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"என் ஆளோடது. அவருதான் சொல்லி அனுப்புனாரு. ஹோலிஸ் கடையில வெர்னான்னு ஒருத்தங்க இருப்பாங்க, பழைய மீன்பிடி சிநேகிதி, அவங்ககிட்ட குடுத்துட்டு நீ கண்ண மூடிக்கிட்டு நிக்கலாம்னாரு."

பழைய மீன்பிடி சிநேகிதி. பாவி, இருபத்தோரு வருஷத்துக்கு நீ வைத்த பேரு இதுதானா!

"அவரு வரலியா?"

"வண்டியில இருக்காரு. முதுகு வலியாம்."

வெர்னா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாசலில் இருந்த ஐஸ் பெட்டிக்கு அந்தப் பக்கம், கடையிலிருந்து முகம் தெரியாதபடி பார்த்துப் பதவிசாக நிறுத்தியிருந்தான். வண்டியின் பின்பக்கமும், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பச்சைக் கயாக்கின் வாலும் மட்டும் தெரிந்தன.

"புதுசா?"

"நேத்துதான் எடுத்தோம்! ரெண்டு பேர் போறது. பழசு ஒண்ணு எங்கயோ போட்டு வச்சிருக்காராம். அதப் போய் எடுத்துட்டு வந்தா என்னன்னு கேட்டேன். அது கெடக்கட்டும், எவனாச்சும் தூக்கிட்டுப் போகட்டும்னுட்டாரு."

வெர்னா வெள்ளைப் பொட்டு ரீலை எடுத்தாள். பழைய நரம்பின் நுனியைப் பிடித்து உருவத் தொடங்கினாள். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. கொட்டகையில் ஆறு மாதமாக எதைப் பார்த்து அப்பாடா என்றோம் என்று நினைக்க நினைக்க அவமானத்தில் காது மடல் எரிந்தது. எவனாச்சும் தூக்கிட்டுப் போகட்டும். அவ்வளவுதான், முடிந்தது. நரம்பு காலடியில் குப்பையாகக் குவிந்தது. நான் அவன் பெண்டாட்டிடீ, இன்னும் ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போடவில்லை, போய் உன் முதுகுவலிக்காரனைக் கேள். எல்லாம் தொண்டைக்குழி வரைக்கும் வந்துவிட்டது. வாயையும் திறந்துவிட்டாள்.

"மிஸ் வெர்னா, இதுல என் அளவு எது?" கென்ட்ரா லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்த பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றை மாட்டிப் பார்த்திருந்தாள். நெஞ்சில் பூட்டியிருந்தது, கீழ்க் கொக்கி எட்டவில்லை. "போன மாசம்னா இது சரியா இருந்திருக்கும். இப்பவே இப்பிடின்னா ஜூலையில நான் பூசணிக்காதான்." வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அந்தக் கயாக்ல நடுவுல ஒரு குட்டி சீட்டுகூட இருக்கு, தெரியுமா? அதுக்காகவேதான் அத எடுத்தாரு."

வெர்னாவுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் அவளைத் தண்ணீருக்குக் கூட்டிப் போனான். அவனுடைய கயாக்கும் அவளுடைய கயாக்கும் பக்கத்தில் பக்கத்தில் மிதக்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "விடு வெர்னா. கயாக்ல ஒரு ஆளுக்குத்தான் எடம். நமக்கு நாம போதும்." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் கரை சேர்ந்திருந்தாள்.

வெர்னா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் போனாள். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றை எடுத்து மாட்டினாள். இரண்டு பக்க வார்களையும் கடைசிவரை தளர்த்தி, பிறகு கொஞ்சமாக இழுத்துப் பூட்டினாள். முட்டி மடக்கிக் கீழே உட்கார்ந்துதான் அந்தக் கொக்கியைப் பூட்ட முடிந்தது. முகத்துக்கு நேரே அந்த வயிறு இருந்தது. சோப்பு வாசனை வந்தது.

"மாசத்துக்கு ஒருக்கா வாரை ஒரு விரக்கடை தளத்திக்க. ஜூலை வரைக்கும் பத்தும்."

"ரொம்ப நல்லவங்க நீங்க."

"நல்லவளும் இல்ல ஒண்ணும் இல்ல. நில்லு அசையாம."

திரும்பி வந்து புது நரம்பை ஏற்ற உட்கார்ந்தாள். ஹோலிஸ் எப்போதோ தின்பதை நிறுத்தியிருந்தார். பொட்டு வைத்த ரீல்களை அவருக்கும் தெரியும். கல்லாவை விட்டு எழுந்து வந்து, அவள் காதோரம் குனிந்து, "நான் போய் அவன வெளிய இழுத்துப் போட்டு ரெண்டு வார்த்த கேட்டுட்டு வரட்டுமா பிள்ள?" என்றார்.

"நீங்க போய் உக்காருங்க. நரம்பு ஏத்தும்போது பேசாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

பின்னல் நரம்பு வெறும் உலோகத்தில் பிடிக்காமல் வழுக்கும் என்பதால், அடியில் தங்கூஸை நாலு சுற்றுச் சுற்றி அதோடு இதை முடிந்தாள். பிடியைத் தளர்த்தினால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. ஏரி நடுவில், நல்ல மீன் அடிக்கிற நேரத்தில், அவன் கையில் குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். அவன் திட்டுவான். புதுப் பெண்டாட்டி முன்னால் அசடு வழிவான். அவளுக்கு அந்த ஆசை நிஜமாகவே வந்தது. விரலை இளக்கியும் பார்த்தாள். விரல் கேட்கவில்லை. நாலு சுற்றுக்குள் தானாகவே இறுக்கிக்கொண்டது. அதைத் தெரிந்துதானே அனுப்பியிருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம் என்று! அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான். ஈரத் துணி கையில் இருந்தது வசதியாகப் போயிற்று.

சிவப்புப் பொட்டு ரீலில் ஃப்ளோரோவை ஏற்றினாள். சின்ன ரீலுக்கு மெல்லிய பின்னலும், முன்னால் இரண்டு முழம் ஃப்ளோரோவும் வைத்தாள். முடிச்சைக் கென்ட்ராவையே போடச் சொன்னாள். இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை அந்தப் பெண் நாக்கில் தொட்டு மெதுவாக இறுக்கினாள். நின்றது.

"ஹேய்! நின்னுடுச்சு!"

"நிக்கும். அவசரப்படாம இறுக்குனா எல்லாம் நிக்கும்." வெர்னா மூன்று ரீல்களையும் துண்டில் வைத்து மடித்தாள். "இன்னொண்ணு. அந்த ஆளு ஜாக்கெட்டக் கழட்டி சீட்டுக்கு அடியில சொருகிருவான். எனக்கு நீச்சல் தெரியும், புழுக்கமா இருக்குன்னுவான். எழுந்து நின்னு வேற வீசுவான். நீ விடாத. அவன் ஜாக்கெட் போடலேன்னா நீ கரையிலயே எறங்கிடு. ஒத்துக்குவான். மொதல்ல மூஞ்சியத் தூக்குவான், அப்புறம் ஒத்துக்குவான்."

கென்ட்ரா காசு கொடுத்துவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"அவருகூட நீங்க நெறைய தடவ போயிருக்கீங்களோ?"

"ம்ம். போயிருக்கேன்."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். இன்னும் ஏதோ கேட்கப் போகிறாள் என்று தோன்றியது. துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெயிலில் இறங்கி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.

வண்டி கிளம்பியது. பெட்ரோல் போடுகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு சாலைக்குத் திரும்ப வந்தபோதுதான் வெர்னா கவனித்தாள். கயாக்கின் வால் வண்டிக்கு வெளியே ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் சிவப்புத் துணி இல்லை. பின்னால் வருகிற லாரிக்காரனுக்குப் பச்சை எங்கே கண்ணில் படும்? சட்டம் கேட்கிறதோ இல்லையோ, இந்த ஊரில் கட்டாமல் யாரும் போகமாட்டார்கள். அந்த ஆள் எப்போதும் மறக்கிறவன். எப்போதும் கட்டுகிறவள் அவள்.

"வெர்னா, வேண்டாம்" என்றார் ஹோலிஸ்.

அவள் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புத் துணியை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள். சாலை ஓரத்தில் வண்டி போக்குவரத்துக்காக நின்றிருந்தது. அவள் கயாக்கின் பின்பிடியில் துணியைக் கோத்து முடிந்தாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது பக்கக் கண்ணாடியில் ராய்ஸின் கண்கள் தெரிந்தன. பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முதலில் கண்ணை எடுத்தவன் அவன்தான்.

கட்டி முடித்ததும் படகின் வாலில் இரண்டு தட்டுத் தட்டுவது அவள் வழக்கம். சரி, கிளம்பு என்று அர்த்தம். கை தானாகப் போய்த் தட்டிவிட்டது. வண்டி நகர்ந்தது.

ஜன்னல் வழியாகக் கென்ட்ரா கையை வெளியே நீட்டி ஆட்டினாள். வெர்னாவும் கையைத் தூக்கினாள். அந்தச் சிவப்புத் துணி படபடவென்று அடித்துக்கொண்டே வளைவு வரைக்கும் போனது. நடுவில் ஒரு மரம் ஏற்றிய லாரி வந்து மறைத்தது. அது கடந்து போன பிறகு சாலையில் ஒன்றும் இல்லை. தூக்கிய கை அப்படியே இருந்தது.