மூன்று கழகத்து மாத்துச் சம்பந்தம்

உதைபந்தாட்டக்காரன் டக் ஹாலரனைப் பச்சைக் கழகம் வேறு கழகத்துக்குக் கொடுத்துவிட்டது என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தது. மெல்பேர்னின் டண்டினொங்கில் பலர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். கதிர்காமநாதன் புரட்டவில்லை. பத்திரிகையை மடித்து மேசையில் ஓர் அடி அடித்தார். தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது.

"கழுத்தறுத்துப் போட்டாங்கள்!"

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய எஞ்சினியர் அவர். அலுவலக நண்பர் ஒருவர் முதன்முதலாக மெல்பேர்ன் உதைபந்தாட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, "பந்தை ஆரோ மிதிச்சுச் சப்பையாக்கிப் போட்டாங்கள், வேறை பந்து இல்லையோ?" என்று கேட்டவர். நான்கு வருடத்தில் அதே முட்டைப் பந்தைப் பற்றி வெள்ளைக்காரருக்கே விரிவுரை நடத்தும் நிலைக்கு உயர்ந்திருந்தார். கோயில் இன்னும் கட்டப்படாத அந்த ஊரில், சாமிப்படத்துக்கு முன்னும் தன் கழகத்தின் பச்சைக் கழுத்துத்துண்டுடன்தான் நிற்பார். பந்தை அவருடைய கால் தொட்டது ஒரே தடவை. கார் நிறுத்துமிடத்தில் உருண்டு வந்ததை உதைத்துப் பெருவிரல் நகம் கழன்றது. அதைப் பற்றிப் பேசும்போது "எங்கட பழைய காயம்" என்பார்.

"அப்பா, ஹாலரனை விடுங்கோ. என்ரை விஷயம் என்ன மாதிரி?" என்றாள் மகள் கிரிஜா. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். அன்று காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்ரை விஷயம் முடிஞ்ச விஷயம்."

முடிந்த விஷயம் இதுதான். கிரிஜாவைச் சிட்னியில், பென்டில் ஹில்லில் இருக்கும் தேவராஜாவின் மகனுக்குக் கொடுப்பது. தேவராஜாவின் மகளைக் கன்பராவில் இருக்கும் ஒரு டொக்டருக்குக் கொடுப்பது. அந்த டொக்டரின் தங்கையைக் கிரிஜாவின் அண்ணன் கேதீஸ்வரனுக்கு எடுப்பது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மாத்துச் சம்பந்தம் ஊரில் இரண்டு வீட்டுக்குள் முடிந்துவிடும். அவுஸ்திரேலியாவில் தமிழ்க் குடும்பங்கள் அரிதாக இருந்தபடியால் மூன்று நகரங்கள் தேவைப்பட்டன. கடைசிச் சொல்லைக் கேட்க அன்று பின்னேரம் தேவராஜா ரெலிபோன் எடுப்பதாக ஏற்பாடு.

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே?"

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? மூண்டு வீடும் ஓம் எண்டிட்டுது."

"அப்ப நான் எந்த வீடு?"

கதிர்காமநாதன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். அவருடைய மனைவி சத்தியபாமா, ஒப்புவிக்கும் குரலில், "பொடியன் ஆறடிக்கு மேலை வளர்த்தியாம்" என்றார்.

"கதவு நிலையிலை தலை இடிக்கும். வேறை என்னம்மா தெரியும் அவரைப் பற்றி?"

சத்தியபாமா தோசைக்கல்லைப் பார்த்தார். வேறு ஒன்றும் தெரியாது.

"அண்ணாவைக் கேட்டனீங்களோ?"

"அவன் நான் சொன்னால் ஓம் எண்டு சொல்லுவான். நல்ல பிள்ளை." கதிர்காமநாதன் மறுபடி பத்திரிகையை விரித்தார். "பதினொரு வருசம் ஒரு கழகத்துக்கு விளையாடினவனை, கத்தரிக்காய் மாதிரித் தூக்கிக் குடுக்கிறாங்களே, படுபாவியள்!"

கிரிஜா கதிரையைச் சத்தமாகத் தள்ளிவிட்டு எழுந்து குசினிக்குள் போனாள்.

பின்னேரம் துக்கம் விசாரிக்க இருவர் வந்தார்கள். ஒருவர் மகேந்திரராஜா. ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். இங்கே ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வை. எந்தச் சின்ன விஷயத்தையும் "முதற்கண்" என்று தொடங்குவார். மற்றவர் சென்னைக்காரர் கோபாலகிருஷ்ணன், கம்ப்யூட்டர் வேலை. மூவரும் பச்சைக் கழுத்துத்துண்டு போட்டுக்கொண்டு, முன் விறாந்தையில், ஹீட்டருக்கு முன்னால், பிரேதத்தைச் சுற்றி இருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். சத்தியபாமா கட்லட் கொண்டுபோய் வைத்தார். துக்கத்திலும் அது உடனே முடிந்தது.

"எனக்கு ஒண்ணுதான் புரியல சார்," என்றார் கோபாலகிருஷ்ணன். "ஹாலரன் ஊதா டீமுக்குப் போறான். ஆனா ஊதா டீம் நமக்கு யாரையும் தரலியே?"

"முதற்கண்," என்றார் மகேந்திரராஜா, "இது மூண்டு கழகம் சம்பந்தப்பட்ட பரிவர்த்தனை. ஊதாக்காரன் தன்ரை ஆளைச் செம்மஞ்சள்காரனுக்குக் குடுக்கிறான். செம்மஞ்சள்காரன் தன்ரை நெட்டை ஆள் ஒருத்தனை எங்களுக்குத் தாறான்."

"ஐசே, உதுக்கேன் இவ்வளவு செந்தமிழ்?" கதிர்காமநாதன் எரிந்து விழுந்தார். "மாத்துச் சம்பந்தம். அவ்வளவுதான்."

"அப்படின்னா?"

"என்ரை வீட்டுப் பிள்ளை உம்மட வீட்டுக்கு. உம்மட வீட்டுப் பிள்ளை மகேன் வீட்டுக்கு. மகேன் வீட்டுப் பிள்ளை என்ரை வீட்டுக்கு. ஆருக்கும் நட்டம் இல்லை."

"ஓஹோ. அப்ப இதுலயும் நட்டம் இல்லைதானே சார்?"

கதிர்காமநாதனின் கழுத்து நரம்பு புடைத்தது. "விசர்க் கதை கதையாதையும்! ஹாலரன் மனிசன். மாடில்லை. அவனுக்கு ஒரு வாய் இருக்கு. அவனை ஒரு சொல்லுக் கேட்டவங்களோ?"

குசினிக்குள் வெங்காயம் வெட்டிய கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு முன்னிலும் வேகமாக வெட்டியது.

"இதைச் சும்மா விடக்கூடாது. கழகத்துக்குப் பெட்டிசம் எழுதுவம்," என்றார் கதிர்காமநாதன்.

யாழ்ப்பாணத்தில் வேலி எல்லைக்கும், தபால்காரனின் நடத்தைக்கும், அடுத்த வீட்டுக்காரரின் பதவி உயர்வுக்கும் பெட்டிசம் என்னும் புகார் மனு எழுதிப் பழகிய கை. வெறுந்தாளின் அடியில் முதலில் கையெழுத்தைப் போட்டார். கையெழுத்துத்தான் முதலில், கோபம் மேலே வந்து நிரம்பும். தாளை மகேந்திரராஜாவிடம் நீட்டினார்.

"நான் தமிழிலை கோவிக்கிறன். நீர் இங்கிலீசிலை எழுதும்."

"'வருந்துகிறோம்' எண்டு தொடங்கவோ?"

"வருந்துறதோ? கொதிக்குது எண்டு எழுதும்!"

கதிர்காமநாதன் எழுந்து நின்றார். நின்றுகொண்டு கோபித்தால் சத்தம் இருமடங்கு. அப்போதுதான் நடையிலிருந்த ரெலிபோன் அடித்தது. ஹீட்டருக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கிரிஜா போய் எடுத்தாள். பீப், பீப், பீப். வெளிமாநில அழைப்பு.

"ஆர், கிரிஜா பிள்ளையோ? தேவராஜா அங்கிள் கதைக்கிறன். அப்பா நிக்கிறாரோ? எங்கட மாத்து விஷயம் என்ன முடிவு எண்டு…"

"நிக்கிறார் அங்கிள். அவரே சொல்லுவார். கேளுங்கோ," என்றாள்.

அப்பாவைக் கூப்பிடவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, கை நீளும் அளவுக்கு நீட்டி, விறாந்தைப் பக்கம் பிடித்தாள்.

சத்தியபாமா ஈரக் கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து வந்தார். மகளைப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். மகளை ஏசப்போகிறார் போல வாய் திறந்தது, மூடியது. பிறகு போய், விறாந்தைக் கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் முழுதாகத் தள்ளித் திறந்துவிட்டுத் திரும்பினார்.

"இந்த மாத்துக்கு நான் சீவன் உள்ளவரைக்கும் சம்மதியன்!" கதிர்காமநாதனின் குரல் நடை முழுக்க வந்து நிறைந்தது. "எங்கட தங்கத்தைத் தூக்கிக் குடுத்துப்போட்டு, எதை வாங்குறம்? ஒரு நெட்டைப் பனை! ஆறடி உயரம், அவ்வளவுதான். உச்சியிலை ஒண்டும் இல்லை. அதுக்குமேலை முழங்காலும் பழுது! அதை மறைச்சு எங்கட தலையிலை கட்டப் பாக்கிறாங்கள், கள்ளர்!"

"'கள்ளர்' என்பதை எழுதவோ?" இது மகேந்திரராஜா.

"அண்டர்லைன் பண்ணுங்க சார்!" இது கோபாலகிருஷ்ணன்.

"மூண்டு கிழடுகள் ரெலிபோனிலை கதைச்சு முடிவெடுக்க, சம்பந்தப்பட்ட ஆள் வாயை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டவேணுமோ? இது என்ன காட்டுமிராண்டி முறை? ஆளைக் கேளாமல் ஆளை மாத்தக்கூடாது! இதை மேலை எழுதும், பெரிசா!"

கிரிஜா ரிசீவரை மறுபடி காதில் வைத்தாள். தேவராஜாவின் குரல்: "பிள்ளை… என்ரை மகன்ரை முழங்கால் விஷயம் அங்கை ஆர் சொன்னது?"

டொக்.

கிரிஜா ரிசீவரை வைத்த சத்தத்தில் கதிர்காமநாதன் திரும்பினார். "ஆரடி போனிலை?"

"தேவராஜா அங்கிள்."

"என்னைக் கூப்பிடாமல் ஏன் வைச்சனி?"

"நீங்கள்தானே கதைச்சனீங்கள். எல்லாம் கேட்டவர். சம்மதியன் எண்டது, நெட்டைப் பனை எண்டது, முழங்கால், கள்ளர்…"

அவருடைய முகம் கழுத்துத்துண்டின் நிறத்துக்கு வந்தது. "சனியனே! நான் ஹாலரன்ரை மாத்தைச் சொன்னனான்!"

"அவருக்கு ஹாலரனை எப்பிடித் தெரியும்? சிட்னியிலை ஆரப்பா இந்த விளையாட்டைப் பாக்கினம்?"

கதிர்காமநாதன் பாய்ந்துபோய் ரெலிபோனை எடுத்தார். இலக்கத்தைச் சுழற்றினார். பாதியில் கிரிஜாவின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"எடுங்கோ. எடுத்து விளங்கப்படுத்துங்கோ. ஆளைக் கேளாமல் மாத்தக்கூடாது எண்டது பந்தடிக்காரனை. மகளை மாத்தலாம், அதுக்குக் கேள்வி இல்லை எண்டு சொல்லுங்கோ. இந்த அங்கிள்மாரும் கேக்கட்டும்."

விரல் இலக்கத் துளைக்குள் நின்றது. ஹீட்டருக்கு முன்னால் இருந்த இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கோபாலகிருஷ்ணன் வெறும் கட்லட் தட்டை ஆராய்ந்தார். மகேந்திரராஜா தொண்டையைச் செருமினார். "முதற்கண்," என்று தொடங்கியவர், வாழ்நாளில் முதன்முறையாக, அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் நிறுத்தினார். பெட்டிசத்தை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, "அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்றார்.

இரவு முழுக்கக் கதிர்காமநாதன் பென்டில் ஹில்லுக்கு முயன்றார். அங்கே எவரும் எடுக்கவில்லை. தேவராஜா விலகியதும் கன்பராவும் விலகியது. மூன்று கால் முக்காலியில் ஒரு காலைக் கழற்றினால் மற்ற இரண்டும் நின்று என்ன செய்யும்? கேதீஸ்வரனிடம் சொன்னபோது அவன் "ஓமப்பா" என்றான். அவன் அப்படி மகிழ்ச்சியாக ஓம் சொன்னதை எவரும் அதற்கு முன்பு கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கிரிஜா பத்திரிகையைத் தகப்பனுக்கு முன்னால் விரித்து வைத்தாள். இரண்டு நாளாக அவர் அவளுடன் கதைக்கவில்லை, கழுத்துத்துண்டைக் கழற்றவுமில்லை. ஹாலரனின் பேட்டி வந்திருந்தது. கழகம் தன்னைக் கூப்பிட்டுக் கேட்டதாம். வீட்டில் கதைத்து முடிவெடுக்க அவகாசம் கொடுத்ததாம். புதிய மைதானம் மனைவியின் தாய்வீட்டுக்குக் கிட்ட என்பதால் தானே விரும்பித்தான் ஓம் சொன்னானாம்.

"அவனைக் கேட்டிருக்கினம் அப்பா."

"நன்றி கெட்ட நாய்!" என்றார் கதிர்காமநாதன். "அப்ப அந்தப் பெட்டிசம்?"

"மகேந்திரராஜா அங்கிள் நேற்றே தபாலிலை போட்டிட்டார். உங்கட கையெழுத்தோட."

அவர் பத்திரிகையைக் கசக்கினார். எறிய இடம் தேடினார். சத்தியபாமா அடுப்பைவிட்டுத் திரும்பி, கையில் அகப்பையோடு, அவரையே பார்த்து நின்றார். சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்கவேண்டும் என்ற தன்னுடைய கொள்கையை அவுஸ்திரேலியத் தபால்துறை கையெழுத்தோடு சுமந்துகொண்டு போவதை எண்ணியோ என்னவோ, கசங்கிய பத்திரிகையை அவர் மறுபடி மேசையிலேயே போட்டார்.

"அப்ப உனக்கு என்னதானடி வேணும்?" என்று கத்தினார். "சொல்லித் துலையன்!"

கிரிஜா கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டாள். இருந்தாள்.

"முதல்லை அந்தக் கழுத்துத்துண்டைக் கழட்டுங்கோ," என்றாள். "சொல்லுறன்."